துவக்குச் சத்தமும் குட்டியும்

அன்புள்ள தவமலருக்கு,

நான் சுகம். உமது முழங்கால் நோவு குறைந்ததா? மறைக்காமல் எழுதும்.

பறவை வேட்டைக்கென்று நம் மகன் ராகுலன் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறான். பகலில் வீட்டில் நானும் அதுவும்தான். துவக்குச் சத்தம் அதற்குப் பயம். மாத முடிவுக்குள் பயம் தெளியாவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவான். பழக்கும் பொறுப்பு என்னுடையது. பின்னேரம் குட்டி சாப்பிடும்போது மருமகள் நிஷாந்தி வேலையால் வந்து தூரத்தில் நின்று சட்டி மூடியைத் தட்டுவாள். நாளுக்கு ஐந்து அடி கிட்ட வருவாள். எல்லாவற்றையும் கொப்பியில் குறித்தேன். குட்டி தேறிவிட்டது என்றே நம்பினேன்.

சனிக்கிழமை இங்கே அஜக்ஸ் நகருக்கு அப்பால் ஒரு பண்ணையில் ராகுலன் உண்மையான துவக்கால் சுட்டான். அடுத்த கணம் நான் புல்லில் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் குட்டியும் அப்படியே.

"அப்பா, உவன் உங்களைப் பாத்தெல்லோ படுக்கிறான்!" என்று சிரித்தவன், என் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டான்.

யோசியாதேயும், அடி ஒன்றும் படவில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் ஷெல்லடிக்குப் படுத்த பழக்கம், அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் ராகுலன் மறுபடி சுட்டுப் பார்ப்பான். நான் போகாமல் விடலாமா என்றும் யோசிக்கிறேன். நான் இல்லாமல் குட்டி காரில் ஏறாது.

ஊர்க் கோயில் திருவிழா வெடிக்கு நீர் அசையாமல் நிற்பீரே, அது எப்படி? போனில் கேட்டால் பிள்ளைகளுக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன். கெதியாகப் பதில் போடும். குட்டி முன்னங்காலால் கதவைப் பிறாண்டுகிறது. சத்தத்துக்கு நான் படுக்காமல் நின்றால் அதுவும் நிற்கும் போலிருக்கிறது.

உமது,
கோணேஸ்வரன்