ஒன்பதாவது படத்துச் சாம்பல் நிறம்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் அம்மா ஃபோன் வழியாத்தான் எனக்கு வந்து சேருது, அதுவும் போதும். அவளுக்கு முட்டிவலி இப்போ தேவலை. உன் படங்களை நம்ம ஊருக்கே கொண்டுவந்து மாட்டியிருக்காங்கன்னு பெயின்ட் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் படகுக்குப் பெயின்ட் அடிச்சவனுக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்னு சொல்லாம விட்டுட்டே போல.

செவ்வாய்க்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு உன் கண்காட்சிக்குப் போனேன். ஒரு ஈ காக்கா இல்லை. வாசல்ல உன்னைப் பத்தி ஒரு தாள் ஒட்டியிருக்கு, நீ வெளிச்சத்தின் மௌனத்தோடு உரையாடுறியாம். பெத்த அப்பன்கிட்ட அஞ்சு வருஷமா பேச நேரமில்லை, வெளிச்சத்தோட மட்டும் உரையாடல். பதினொரு படம், எதுலயும் ஒரு படகு இல்லை, மனுஷன் இல்லை, பட்டை பட்டையா இழுத்து விட்டிருக்கே. நான் ஒரு படகை இப்படிப் பாதியில விட்டிருந்தா முதலாளி அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

நாலாவது படத்தைத் தலைகீழா மாட்டியிருந்தாங்க. அங்கே பொறுப்பா இருந்த, கண்ணாடி போட்டவர்கிட்ட சொன்னேன். இதுல மேல் கீழ்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் பார்க்கிறவங்க மனசுதான்னு சிரிச்சார். அப்போ ஆணி அடிச்சதும் மனசுதானான்னு கேட்டேன். அந்தப் படத்துல இருக்கிறது நம்ம படகுப் பட்டறைக்குப் பின்பக்கம், மேகம் மூடின விடியக்காலை, தண்ணி உள்வாங்கியிருக்கு. அந்த நேரம் வானம் இருட்டாத்தான் இருக்கும், அடிவானத்து வெளிச்சத்தை ஈர மணல்தான் வாங்கிப் பளபளக்கும். வெளிச்சம்னாலே மேலேதான்னு அந்தப் படிச்சவருக்கு நினைப்பு. நான் நகரலை. அரைமணி நேரம் கழிச்சு, என்னை வெளியே அனுப்பினாப் போதும்னு படத்தைக் கழட்டினார். பின்னாடி பென்சில்ல நீ போட்ட அம்புக்குறி, நான் சொன்ன பக்கமே காட்டுது. மனுஷன் திருப்பி மாட்டிட்டு, நீங்க யாருங்கன்னார். நானும் பெயின்டர்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். எப்படியிருந்துச்சுன்னு அம்மா கேட்டதுக்கு, சுவருக்கு நல்லா வெள்ளையடிச்சிருக்காங்கன்னு சொன்னேன்.

ஆனா ஒண்ணு, ஒன்பதாவது படத்துல தண்ணிக்கு ஒரு சாம்பல் நிறம் பூசியிருக்கே, அது பொய். இங்கே எந்த மாசத்துலயும் தண்ணி அந்த நிறத்துக்கு வராது. மறந்துட்டு, ஏதோ உத்தேசமா பூசியிருக்கே. மத்தவங்க ஏமாறுவாங்க.

டர்பன்டைன் வச்சிருக்கிற அறையில ஜன்னலைத் திறந்து வை. வேளைக்குச் சாப்பிடு. கண்ணும் கையும் உனக்குக் கடைசிவரைக்கும் நல்லா இருக்கணும். ஒரு தடவை வந்து தண்ணியைப் பார்த்துட்டுப் போ. காலையில அஞ்சரை மணிக்கு நான் பட்டறைக்குப் பின்னாடிதான் நிப்பேன்.

இப்படிக்கு,
அப்பா