தீவில் இறங்கின விமானம்

ஐப்பசி, வியாழக்கிழமை ராத்திரி.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்கிறது.

இன்று காலையில் என் வீட்டுக்காரி செல்லம்மா போய்விட்டாள்.

நேற்று டாக்டர் கைவிரித்ததுமே மகன் முருகன் டொராண்டோவிலிருந்து கிளம்பிவிட்டான். நேரே வர விமானம் கிடையாதாம். தோஹாவில் மாறி, நெடும்பாசேரி வந்து இறங்க ஒரு முழு நாள் பிடிக்குமாம். "பொறக்கறப்பவே நாள் தள்ளித்தான் வந்தான்," என்று சிரித்தாள் செல்லம்மா. "வரட்டும். அவன் எறங்கறவரைக்கும் நான் இருப்பேன்."

காலையில் கூரைக்கு மேலே ஒரு விமானம் தாழப் போனது. எதிரே தீவில் இருக்கிற நேவிக்காரர்களுடையது. முன்னெல்லாம் பயணிகள் விமானமும் அங்கேதான் இறங்கும்; விமானத்தாவளம் நெடும்பாசேரிக்கு மாறினது அப்புறம்தான். முருகனை முதன்முதலாக பம்பாய்க்கு ஏற்றிவிட்டதும் அங்கேதான். அவள் மனசில் விமானத்தாவளம் இன்னும் இடம் மாறவில்லை.

"ஏங்க, அவன்தானே?" என்றாள்.

அந்த நேரத்தில் அவன் தோஹாவில் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருந்தான். "ஆமாடி, எறங்கிட்டான். பாலம் தாண்டினா வீடு," என்றேன். தெம்பு வந்து இன்னும் கொஞ்சம் தாங்குவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அப்பாடா," என்று கண்ணை மூடினாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் முருகன் வந்தான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை தூரம் வந்தேனே, அம்மா கொஞ்ச நேரம் காத்திருக்கக் கூடாதாப்பா?" என்று அழுதான்.

"காத்துத்தான்டா இருந்தா," என்றேன். அவளைப் போகச் சொன்னது யார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.