தெளிந்த தண்ணீருக்குச் சிவப்புச் சாயம்

அன்பு மாப்ள,

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகும் உன்னை "நீங்க" என்று கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவனுக்கு, செத்த பிறகு மட்டும் எதற்கு மரியாதை?

வண்டியூர்ப் பக்கம் உன் சாயப்பட்டறைக் கழிவு வாய்க்கால் வழியே சிவப்பாக ஓடி என் வயலுக்குள் வந்தபோது நான் உன்னோடு போட்ட சண்டை கொஞ்சமா? அதற்காகத்தான் நீ தொட்டி கட்டினாய். பரவை ரைஸ்மில்லில் குவிந்து கிடந்த உமியை அள்ளி வந்து, கரியாகச் சுட்டு, மணலோடு அடுக்கி, கழிவை அதற்குள் விட்டாய். கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர் விழுந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தாய். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த லோடு உமி ஏற்றப் போன வழியில் லாரி மோதி நீ போய்விட்டாய். பட்டறையைத் தங்கச்சிதான் நடத்துகிறாள். தொட்டிக்குக் கரி மாற்றுவதை அவள் தவறவிட்டதே இல்லை.

இந்த வருஷம் மழை இல்லை. கிணறெல்லாம் வற்றிவிட்டது. தொட்டிக்குக் கீழே மட்டும் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. போன வாரம் அதைக் குடித்த தங்கச்சியின் சினைமாடு, பொழுது சாய்வதற்குள் நுரை தள்ளிச் செத்தது. "கரி கலரைத்தான் பிடிக்கும். சாயத்துல கலக்குற மருந்து அப்படியேதான் இருக்கு. ஒரு வாய் குடிச்சா தெரியாது, வயிறு முட்டக் குடிச்சா கொன்னுரும்" என்றார் மாட்டு டாக்டர். சிவப்பாக ஓடிய காலத்தில் ஒரு ஆடுகூட அதில் வாய் வைத்ததில்லையே. இதை நாம் ஏன் யோசிக்கவில்லை மாப்ள?

மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்கள் அங்கே குடத்தோடு நின்றார்கள். மாடு செத்ததைச் சொன்னேன். அதற்கு ஏதோ சீக்கு என்றார்கள். "உங்க மாப்ளயே குடிச்சாருல்லண்ணே? அவரு லாரில அடிபட்டுத்தான செத்தாரு?" என்றாள் ஒருத்தி. அத்தனை பேரும் இன்னும் உன்னைத்தான் நம்புகிறார்கள்.

பட்டறையை மூடச் சொல்லத்தான் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உன் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்ல முடியவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு சிவப்புச் சாயப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"தொட்டிக்குக் கீழ இதப் போட்டு விட்ருண்ணே. கண்டா ஒதுங்கிப் போயிருவாக" என்றாள். அழுதது நான்தான்.

தொட்டியையே உடைத்திருக்கலாம். நீ கட்டியது, எனக்குக் கை வரவில்லை. சாயத்தைத்தான் போட்டேன். குடங்கள் திரும்பிப் போயின.

மருந்தையும் பிடிக்கிற வழியை யாராவது கண்டுபிடிக்கிறவரை, தினமும் காலையில் என் கையாலேயே போடுவேன் மாப்ள. அந்தச் சிவப்புத் தண்ணீர் மறுபடியும் என் வயலுக்குத்தான் வருகிறது. வரட்டும். இனி நான் யாரோடு சண்டை போட?

தங்கச்சியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிற
உன் மச்சான்