கிண்டி ரத்தினம் சொன்ன குதிரை

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டபாடில்லை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. பெங்களூரில் நாளை எட்டு ரேஸ். எட்டையும் ஐந்து மணிக்குள் எழுதி அனுப்பிவிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கம்பெனி அருண்ராஜ் சார் சென்னையிலிருந்து ரேஸ் கார்டு அனுப்புவார். எந்தக் குதிரை, எந்த ஜாக்கி, எத்தனை கிலோ சுமை, போன ஐந்து ஓட்டத்தில் எத்தனையாவது வந்தது என்று எல்லாம் இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்து எது ஜெயிக்கும், எது இரண்டாவது வரும் என்று தமிழில் எழுத வேண்டும். மறுநாள் காலை அவர்கள் வெப்சைட்டில் 'கிண்டி ரத்தினம்' என்ற பேரில் வந்துவிடும். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் படம். நாற்பது வருஷம் ரேஸ் கோர்ஸிலேயே கிடந்தவர் என்று கீழே ஒரு வரி. அப்படி யாரும் கிடையாது. நான்தான். பூவிழி, பி.காம்., வயது இருபத்தெட்டு. வீட்டில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றுதான் தெரியும். ரேஸ் கோர்ஸ் வாசலைக்கூட பார்த்ததில்லை. குதிரை என்றால், ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா ஓட்டிப் போனதை பஸ்ஸிலிருந்து பார்த்தது ஒரே ஒரு தடவை.

இன்று ஐந்தாவது ரேஸில் மாட்டிக்கொண்டேன். பெங்களூரிலும் இரண்டு நாளாக மழையாம். ஈரத்தரையில் குதிரை எப்படி ஓடும், எனக்கென்ன தெரியும்? நம் உப்பளத்தை நினைத்துக்கொண்டு எழுதினேன், அங்கே பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கின பிறகுதான் தண்ணீர் விடுவார்கள். "மேலே காய்ந்த மாதிரி தெரியும். மிதிக்காத பாத்தி போல உள்ளே கால் அமுங்கும். கனத்த குதிரை இங்கே வேண்டாம்." நான்காம் நம்பரைச் சொல்லி வைத்தேன்.

நவம்பர் 8, சனி

நான்காம் நம்பர் ஜெயித்ததாம். அருண்ராஜ் சார் வாட்ஸ்அப்பில் மூன்று கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பால் வாங்கப் போனேன். டீக்கடை பெஞ்சில் அப்பா, பக்கத்தில் மாயவன் மாமா. மழைக்காலத்தில் அளத்தில் வேலை இல்லை, இரண்டு பேருக்கும் காலையில் அந்த பெஞ்சுதான் கதி. அப்பா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரி காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது. நேற்று நான் எழுதியது.

படித்து முடித்து மாமாவிடம் சொன்னார். "போன வாரம் மிதிக்காத பாத்தின்னு எழுதினான் பாரு. உப்பளத்துல கால வச்சவனத் தவிர எவனுக்கும் அது வராது. இந்த ரத்தினம் நம்ம பக்கத்து ஆளுதான்பா. கிண்டிக்குப் பொழைக்கப் போயிருப்பான்."

"மரக்காணத்தான்ங்கறியா?"

"இல்லன்னா கூனிமேடு."

நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். வீட்டில் அப்பா பேசுவதே சோறு போடு, சார்ஜர் எங்கே, இவ்வளவுதான். அப்படிப்பட்ட அப்பா என் எழுத்தை உரக்கப் படித்து, சரியான இடத்தில் நிறுத்தி, மாமா முகத்தைப் பார்க்கிறார்.

பந்தயம் கட்டுகிறாரா என்று கேள்வி வந்தது. கட்ட அவரிடம் என்ன இருக்கிறது? சும்மா படிக்கிறார். அவ்வளவுதான்.

நவம்பர் 20, வியாழன்

அப்பாவை நினைத்துக்கொண்டே ஒரு வரி சேர்த்தேன், வாடைக்காற்றைப் பற்றி. அவருக்குப் பிடிக்கும்.

நவம்பர் 27, வியாழன்

அம்மா விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். போனவள் அப்படியே திரும்பி வந்து வாசலில் நின்றாள். "இன்ஜின் எங்கய்யா?"

"ரிப்பேருக்குப் போயிருக்குது" என்றார் அப்பா.

"மூணு மாசமா ஓடாத இன்ஜின் எப்படிய்யா ரிப்பேராச்சு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஆயில் இன்ஜின் இல்லாமல் எங்களுக்கு அளம் இல்லை. இருபது வருஷம் ஊரான் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரியவர் அப்பா. மூன்று வருஷமாகத்தான் குத்தகைக்குச் சொந்தமாகப் பாத்தி பிடித்திருக்கிறார். போர்வெல்லிலிருந்து உப்புத்தண்ணீர் இறைக்க இன்ஜின் இருப்பவனுக்குத்தான் தையில் பாத்தி கிடைக்கும். இல்லாவிட்டால் முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அம்மா இன்னும் அழவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

மாயவன் மாமாவைப் பிடித்துக் கேட்டேன். இன்ஜினைத் திண்டிவனத்தில் விற்றாகிவிட்டது. பாண்டியில் யாரோ ஒருத்தன் போனிலேயே பந்தயம் எழுதிக்கொள்கிறானாம். ஒரு மாதமாக நடக்கிறதாம்.

"எல்லாம் ரத்தினம் சொன்ன குதிரைதாம்மா. உங்கப்பா மாத்தி ஆடவே மாட்டாரு."

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் மாமா இதைச் சொன்னார்.

எட்டு ரேஸ்ல ரெண்டு சரியா வந்தாலே எங்க ஆபீசுல பெரிய விஷயம். மீதி ஆறு? மீதி ஆறுல யார் பணம் போகுதுன்னு ஒரு நாளாவது நினைச்சேனா? எவனோ போறான், பட்டணத்து ஆளுங்க, பொழுது போகாதவங்கன்னு நினைச்சேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றது — நான்தாம்மா அந்த ரத்தினம்னு?

டிசம்பர் 4, வியாழன்

இன்று முதல் வரியிலேயே எழுதினேன். "நாளைய ரேஸ் எதுவும் நம்பும்படி இல்லை. யாரும் ஆட வேண்டாம்."

அரை மணியில் அருண்ராஜ் சார் கூப்பிட்டார். "இன்னா மேடம், கடை வாசல்ல நின்னுக்குனு கடைக்கு வராதீங்கன்னு சொல்றீங்க?" கோபமாகக்கூட சொல்லவில்லை, சிரித்தார். வரியை எடுத்துவிட்டார்.

டிசம்பர் 11, வியாழன்

வேறு வழி பிடித்தேன். ரத்தினத்தின் மேல் அப்பாவுக்கு நம்பிக்கை போக வேண்டும், அவ்வளவுதானே? நாளை மூன்றாவது ரேஸில் ஒரு பெண் குதிரை. போன ஐந்து ஓட்டத்தில் நான்கு தடவை கடைசி, ஒரு தடவை கடைசிக்கு முன்னால். இதை மிஞ்ச வேறு குதிரை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்று எழுதி அனுப்பினேன். மற்ற ரேஸ்களிலும் அப்படித்தான், தேடித் தேடிச் சொத்தைக் குதிரைகள்.

டிசம்பர் 12, வெள்ளி

அந்தக் குதிரை ஜெயித்துவிட்டது.

இருப்பதிலேயே சொத்தை என்று யாரும் கட்டாத குதிரை, அதனால் கட்டிய அப்பாவுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது. மற்ற ஏழிலும் போனது அவருக்குக் கணக்கிலேயே இல்லை. வஞ்சிரம் வாங்கி வந்தார். அம்மாவுக்கு ஒரு முழம் பூ. "ஊரே வேணாம்ன குதிரைய அவன் ஒருத்தன் சொன்னான் பாரு. ரத்தினம் ரத்தினம்தான்." என் தட்டில் நடுத்துண்டை வைத்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 13, சனி

நேற்று வந்தது இன்றைய ரேஸ்களில் போய்விட்டது. அதோடு கூட இன்னும் கொஞ்சமும்.

டிசம்பர் 18, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், ரத்தினம் என்று யாரும் இல்லை, எழுதுவது நான் என்று சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"நீ ரேஸ் குதிரைய கண்ணால பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

"அவன் நாப்பது வருசமா பாத்தவன். நான் ஆடக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லச் சொன்னாளா?"

லேப்டாப்பைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் எவன் எழுதியதையும் எவனும் வைத்திருக்கலாம் என்றார். மிதிக்காத பாத்தி நான் எழுதியது என்றேன். அதை டீக்கடையில் அவர் சொல்லி நான் கேட்டிருப்பேன் என்றார். கடைசியில் இன்று எழுதியதை எடுத்து நாளைய எட்டு ரேஸையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"இது இன்னும் வரல. காலைலதான் வரும். காலைல நீங்களே பாத்துக்குங்க."

அவர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

எனக்கு முன்னால் எழுந்து போனோடு உட்கார்ந்திருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எட்டாவது ரேஸ் வரை விடவில்லை.

"அப்ப அந்த ஆளு இல்லவே இல்லியா?"

"இல்லப்பா."

"படத்துல இருக்கறது?"

"யாரோப்பா. எனக்கும் தெரியாது."

போனைக் கவிழ்த்து வைத்தார். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம். திட்டினால் நான் அழுதிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும்.

கேட்டது அம்மாதான். "அப்ப இன்ஜின வித்தது அவரு இல்ல, நீயா?"

ஆமாம்மா என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

வேலையை விட்டுவிட்டேன். ரத்தினம் பேரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அருண்ராஜ் சார் மரியாதையாகத்தான் சொன்னார். "பேரு கம்பெனியோடது மேடம். நீங்க போனாலும் ரத்தினம் இருப்பாரு."

டிசம்பர் 23, செவ்வாய்

அப்பா டீக்கடைக்குப் போவதில்லை. மாயவன் மாமா வந்து கூப்பிட்டும் போகவில்லை. "கூடப் பொறந்தவன் செத்த மாதிரி உக்காந்திருக்காரு" என்கிறாள் அம்மா.

பணம் போனதற்காக இப்படி உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அந்த ஆள் வேண்டியிருந்தது. நம் ஊரிலிருந்து போய்ப் பெரிய ஆளானவன், காலையில் தன்னோடு பேசுகிறவன். அவனை நான் உண்டாக்கினேன், நானே கொன்றேன். இதில் எது பெரிய பாவம்?

டிசம்பர் 27, சனி

புது ரத்தினம் வந்துவிட்டார். அதே படம், அதே கறுப்புக் கண்ணாடி. எட்டு ரேஸிலும் ஊரே சொல்லும் ஃபேவரிட் குதிரையை அப்படியே எழுதியிருக்கிறார். காய்ந்த தரையில் ஓடத் தெரியாத குதிரையைக் கூட. எனக்கு ஏன் கோபம் வர வேண்டும்? வந்தது.

ஜனவரி 19, திங்கள்

பாத்தி கிளியனூர்க்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. அப்பா இன்று அதே பாத்தியில் அவருக்குக் கீழே கூலிக்கு மிதிக்கப் போனார். அம்மாவும் கூடப் போனாள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்திருக்கிறேன். முதல் மாதத்துச் சம்பளத்திலிருந்து பழைய இன்ஜின் ஒன்று வாங்கப் பணம் சேர்க்கலாம் என்றேன். அம்மா சரி என்றாள். அப்பா காலில் அப்பிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

அப்பா மறுபடி டீக்கடைக்குப் போகிறார். நல்லதுதான். மனிதர் முகத்தைப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா அளத்துக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தார். ஏதோ கேட்க வந்தவர் மாதிரி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் அவராக என்னிடம் பேச வந்தது இன்றுதான்.

"இப்ப எழுதறவன் சரியில்லம்மா" என்றார்.

"இன்னும் பாக்கறீங்களா?"

"நாலாவது ரேஸ்ல மூணாம் நம்பர்ங்கறான். நீ இன்னா சொல்ற?"

கேட்ட விதத்தில் கெஞ்சல் இல்லை. விவரம் தெரிந்தவரிடம் ஒரு விஷயம் கேட்பது போல நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். ஆடாதீங்கப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் வேலையை விட்ட பிறகும் நெட்டில் ரேஸ் கார்டு பார்க்கிற பழக்கத்தை நான் விடவில்லை. நேற்று மதியமே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நாலாவது ரேஸை இரண்டு முறை படித்திருந்தேன்.

"மூணு வேணாம்ப்பா, அவ்வளவு தூரம் அது தாங்காது" என்றேன். "ஏழு."

தலையாட்டினார். போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.