மகள் வருகிறாள் என்று சொன்ன பொய்

கோவில்பட்டி
5.12.2002

அன்பு மகள் சுதாராணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதி எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், இது மூன்றாவது. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, பசுவந்தனைக் காட்டில் உளுந்து சாண் உயரத்தில் பூவோடு வாடி நிற்கிறது. அம்மா என் பழைய வேட்டிகளைத் துவைத்துப் பிள்ளைக்குத் துணி கிழித்து வைத்திருக்கிறாள். முதல் பிரசவத்தைப் புனேயிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியதும், தாய்வீடு இல்லாதவளா நீ என்று கோபமாகப் பதில் போட்டேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீ ஏன் இங்கே வர மாட்டேன் என்கிறாய் என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆடி மாசம், என்னோடு தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்த சின்னக்கருப்பன் தூக்கத்திலேயே போய்விட்டான். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்திரிக்கவில்லை. அதற்கு நாலாம் நாள் நடுராத்திரியில் என்னை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி விழித்தேன். நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது, மூச்சு உள்ளே போகவில்லை, கைவிரல் எல்லாம் மரத்துவிட்டது, அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஈ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போனோம், பிறகும் போனோம். நாலாம் தடவை நர்ஸ் பிள்ளை, என்ன ஐயா திரும்பவும் வந்துட்டீகளா என்று சிரித்தாள். அதோடு போவதை நிறுத்திவிட்டேன். ஆனால் கண்ணை மூடினால் அது வரும் என்று தூங்குவதற்கே பயம் பிடித்துக்கொண்டது. நூறு பேரை அதட்டி வேலை வாங்கிய போர்மேன் தங்கசாமி தூங்கப் பயப்படுகிறான் என்று யாரிடம் சொல்வது. வாயு, நடந்தால் நல்லது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே விளக்கு எரியும், ஆட்கள் இருப்பார்கள், மதுரை பஸ்ஸும் திருநெல்வேலி பஸ்ஸும் வந்து போகும். விடிந்த பிறகு வீட்டுக்கு வந்து பகலில் கொஞ்சம் கண் அசருவேன்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு அங்கே டீக்கடை வைத்திருக்கும் சுல்தான் பாய், யாருக்கு அண்ணாச்சி தெனமும் காத்துக் கெடக்கீய என்று கேட்டார். புனேயிலருந்து மக வாரா, எந்த பஸ்ஸுன்னு தெரியலை என்று சொல்லிவிட்டேன். எப்படி அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மறுநாளும் போட்டார். இன்னைக்கும் வரலையா என்று கேட்பார், லீவு கெடைக்கலையாம் என்பேன். பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் அந்த ஸ்டூலிலேயே எனக்கு அது வந்துவிட்டது, டீ கிளாஸ் கை நழுவி உடைந்தது. அவர் என் முதுகில் கை வைத்துக்கொண்டு, மெதுவா விடுங்க, மூச்சை மெதுவா விடுங்க, இது ஆளைக் கொல்லாது, எங்க வீட்டுலயும் இருந்துச்சு என்றார். அவர் சம்சாரம் ஷம்சாத்துக்கு இரண்டு வருஷம் இதே பாடாக இருந்து, பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டிச் சரியானதாம். அப்போது நான் மகள் வருகிறாள் என்றது பொய் என்று ஒத்துக்கொண்டேன். தெரியும் அண்ணாச்சி, மகளுக்குக் காத்திருக்கவுக பஸ் வந்தா எந்திரிச்சு எட்டிப் பாப்பாக, நீங்க ஒருநாளும் பாக்கலையே என்றார். தலையைத் தூக்க முடியவில்லை எனக்கு.

அந்த டாக்டரிடம் போனேன். இது நெஞ்சு வியாதி இல்லை, பயம் உடம்பில் ஏறிக்கொள்வது, குணமாகக்கூடியது என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். பஸ் கயத்தாறு தாண்டும்போதுதான் உன் முகம் வந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது ராத்திரி எழுந்து வந்து, அப்பா மூச்சு வரமாட்டேங்கு, செத்துருவேம்போல இருக்கு என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாயே. பரீட்சைக்குப் பயந்து நடிக்கா, ரெண்டு நாள் இருட்டுல கெடந்தா சரியாப் போகும் என்று சொல்லி, உன் அறை பல்பைக் கழற்றிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டவன் நான். நீ கதவைத் தட்டினாய், நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். நாலு நாளில் தட்டுவது நின்றது. மகளைக் குணப்படுத்திவிட்டேன் என்று ஆபீசில் பெருமையடித்தேன் சுதா. இதை அம்மாவிடம் சொல்லி அழுதபோது அவள், நீங்க தூங்குன பெறகு நாந்தான் தொறந்து உள்ள போயி அவகூடப் படுத்துக்கிடுவேன், நீங்க முழிக்கதுக்கு முன்னால வெளிய வந்து பூட்டிருவேன், அதான் தட்டலை என்றாள். ஒன்பது வருஷம் இதை என்னிடம் சொல்ல அவளுக்குப் பயம். அடுத்த தடவை டாக்டரிடம், இருந்தது, என் மகளுக்கு இருந்தது என்று சொன்னேன். நீங்க என்ன செஞ்சீங்க என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், மூச்சுப் பயிற்சி செய்கிறேன், நாலைந்து மணி நேரம் தூக்கம் வருகிறது. வாரத்தில் ஒரு நாள் அது வந்தாலும் அம்மாவை எழுப்புகிறேன், கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. உனக்கு இன்னும் வருகிறதா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வந்தால் மறைக்காதே, மாப்பிள்ளையை எழுப்பு, உன்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் சொல்லு, நீயாக மாத்திரை எதுவும் வாங்கிப் போடாதே. பிரசவம் உனக்கு எங்கே நிம்மதியோ அங்கேயே இருக்கட்டும். தை பிறந்ததும் அம்மாவை ரயில் ஏற்றி அனுப்புகிறேன். நான் வர வேண்டுமா வேண்டாமா என்பது நீ சொல்வதுதான். செய்தது தப்பு அம்மா, என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன், அதற்காக நீ மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

செண்பகவல்லி அம்மன் உன்னையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் அம்மாவே எடுப்பாள். என்னிடம் பேச மனசு இருந்தால் அப்பாவிடம் கொடு என்று சொல்லு, பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

உன் நலமே வேண்டும்
அப்பா
தங்கசாமி