கிடாருக்குள் ஒரு குடை

என் சட்டைப் பையில் அந்த மஞ்சள் தூளின் கறை இன்னும் இருக்கிறது. இரண்டு முறை துவைத்தாயிற்று, போகவில்லை. பலா மரத் தூள் அப்படித்தான், பட்டால் பட்டதுதான் என்று பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்த எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் என்னுடைய ஃபாரின் கிடாருக்குள் பலா மரம் எப்படி வந்தது என்பதை மட்டும் நீ சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் செத்தும் போய்விட்டாய். என்னடா நியாயம் இது?

போன வியாழக்கிழமை நெல்லிக்குப்பத்துக்குப் போயிருந்தேன். ரயில்வே கேட் பக்கத்தில் ஆரோக்கியம் என்று ஒருவர் வாத்தியங்கள் ரிப்பேர் பார்க்கிறார். கம்பிகள் எல்லாம் வந்து முடிகிற கட்டை, ப்ரிட்ஜ் என்போமே, அது ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இந்த வருட வெயில் அப்படி. அவர் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை உள்ளே விட்டுக் கட்டையைப் பெயர்த்து எடுத்தார். எடுத்துவிட்டு அது இருந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“சார், இது ஏற்கெனவே ஒருக்கா பேத்து ஒட்டினதுங்க. இதோ பாருங்க பழைய தடம். மொதல்ல ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, முன்னாடி இருந்திருக்கு. யாரோ வெவரமான ஆளு, கணக்குப் போட்டுப் பின்னாடி தள்ளி ஒட்டியிருக்காருங்க.”

“இது ஃபாரின் கிடாருங்க. அதெல்லாம் இருக்காது” என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவர் ஓட்டை வழியாகக் கத்தியை விட்டு உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, ஒரு செய்தித்தாளில் தட்டினார். மஞ்சளாகக் கொட்டியது. “பலாங்க. நம்மூரு பலா” என்றார். பிறகு பல் டாக்டர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே நீட்டினார். “மேல் பலகைக்கு அடியில என்னமோ படம் போட்டிருக்குங்க. குடையாட்டம் இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். கறுப்பு மையில் ஒரு விரித்த குடை. கைப்பிடி பாதியில் அறுபட்டிருந்தது. அந்தக் குடையை எனக்குத் தெரியும். அந்தக் கைப்பிடியை நீ ரம்பத்தால் அறுத்தபோது, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

நாம் வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸுக்கு ஜெர்மன் மெஷின்களின் பாகங்கள் மரப் பெட்டிகளில் வந்து இறங்கிய காலம். பிரித்துப் போட்ட பெட்டிப் பலகை இல்லாத குவார்ட்டர்ஸ் அப்போது நம் ப்ளாக்கில் கிடையாது. எங்கள் வீட்டில் அது செருப்பு அலமாரி, பக்கத்து வீட்டில் கோழிக்கூடு. நனைக்கக் கூடாது என்பதற்காகச் சில பலகைகளில் குடைப் படம் போட்டிருப்பார்கள். நீ மட்டும்தான் அதைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தாய். “பேசுதுடா இது” என்றாய். எனக்கு வெறும் டொக் டொக்கென்றுதான் கேட்டது.

ஒர்க்‌ஷாப்பில் உனக்குப் பேட்டர்ன் ஷாப்பில் வேலை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுக்கிற ஆள் நீ. எனக்கு கன்வேயரில் ஷிப்ட். உன் கொல்லைப்புறத்தில் நீ மேல் பலகையை இழைத்தாய். மாமியார் ஊரில் விழுந்த பலா மரத்தை அறுத்து வந்து பக்கமும் முதுகும் வளைத்தாய். குடை உள்பக்கமாகப் போயிற்று. “அதையும் இழைச்சுத் தள்ளேன்” என்றேன். “இருக்கட்டும்டா. மழை பெஞ்சா உள்ள நனையாது” என்று சிரித்தாய். ஆறு மாதம் கழித்து, பாலீஷ் போடாத பச்சை மஞ்சளாக, கம்பி கட்டிய ஒரு கிடாரை என் மடியில் வைத்தாய். எனக்கென்றே செய்தது.

அதற்கு நான் செய்த மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் நான் சொன்னதே இல்லை.

மந்தாரக்குப்பத்துக் கோயில் திருவிழா. நம் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. கழுத்தின் கீழ்ப்பக்கம் வாசிக்கிறவரை கிடார் தேனாக இருந்தது. மேலே ஏற ஏறச் சுருதி கூடிக்கொண்டே போனது. கீபோர்டுக்காரர் திரும்பி முறைத்தார். பாடிக்கொண்டிருந்த பெண் நடுவில் நிறுத்தியே விட்டாள். எனக்கு மானம் போயிற்று. மைக்கை இழுத்து, “மன்னிக்கணும், இது பெட்டிப் பலகைல செஞ்ச கிடாரு. கோழி அடைக்கத்தான் ஆகும்” என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூன்றாவது வரிசையில் நீ, உன் மனைவி, மடியில் உன் மகள் மலர். நீயும் சிரித்தாய். உன் மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் ஷிப்டுக்குப் போகிற வழியில் கிடாரை உன் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, “வெந்நீர் அடுப்புக்கு வச்சிக்கோ” என்று வேறு சொன்னேன். அப்புறம் வெட்கமே இல்லாமல், துபாயில் இருந்த உன் மச்சான் வரும்போது ஒரு நல்ல ஃபாரின் கிடார் வேண்டும் என்று நச்சரிக்க ஆரம்பித்தேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, “கிடாரு ஒண்ணு இருக்கு, வந்து பாரு” என்றாய். காப்பிக்கொட்டை நிறத்தில் பாலீஷ், வேறு மாதிரித் தலை, கறுப்புப் பெட்டி. மேலே வாசித்தேன், கீழே வாசித்தேன், சுருதி அசையவில்லை. காசுப் பேச்சை எடுத்தபோது, “உன் பழையத என்கிட்ட வுட்டுட்டுப் போனல்ல, அது போதும்” என்றாய். எந்த நாடு என்று கேட்டதற்கு, “மரம் ஜெர்மன் மரம்டா” என்றாய். கம்பெனிப் பேர் இல்லையே என்று யாராவது கேட்டால், அசல் கைவேலைக்குப் பேர் போட மாட்டார்கள் என்று நானே ஒரு கதை கட்டினேன். நீ என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது வியாழக்கிழமைதான் உறைத்தது.

ஆரோக்கியம் கட்டையை ஒட்ட ஆரம்பித்தார். “இப்ப வேணாம்” என்று செய்தித்தாளைத் தூளோடு மடித்துச் சட்டைப் பையில் திணித்து, கிடாரை அப்படியே அள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மலர் போன் செய்திருந்தாள். ரிட்டையர் ஆனபின் நீ தனியாக இருந்த மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டைக் காலி செய்வதற்காக சேலத்திலிருந்து வந்திருந்தாள். “அப்பா செஞ்ச கிடாரு மூணு இருக்கு மாமா. என்ன பண்றதுன்னு தெரியல. நீங்கதான் சொல்லணும்” என்றாள். நான் பெரிய நிபுணன் அல்லவா. “அதெல்லாம் வாசிக்க ஆகாதும்மா. மேல போனா சுருதி நிக்காது. பழைய சாமானோட போட்டுடு” என்றேன். டீ ஆறுவதற்குள் அந்தப் பேச்சை முடித்துவிட்டேன்.

பஸ்ஸில் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அப்போதுதான் அந்த இரண்டு நூல் புரிந்தது. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், உங்கள் ஷாப்பில் எல்லாவற்றையும் அடிக்கு ஒரு நூல் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே அளவு கொஞ்சம் நீட்டிப் போட்ட தனி ஸ்கேல் வைத்திருப்பீர்கள். முதல் முறை நீ கழுத்தில் குறுக்கே பதிக்கிற ஃப்ரெட் கம்பிகளுக்கு இடம் குறித்தது, கைப்பழக்கத்தில், அந்த ஸ்கேலால். ப்ரிட்ஜுக்கு மட்டும் வீட்டிலிருந்த தையல் டேப்பால் அளந்ததை நானே பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் கோளாறு. கிடாரில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு நூல் பின்னால் தள்ள வேண்டியிருந்தது, நீ கண்டுபிடித்துத் தள்ளிவிட்டாய். அதற்குப் பிறகு செய்த மூன்றிலும் அந்தத் தப்பு இருந்திருக்காது. அந்த மூன்றையும் நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. “ஒருக்கா மேல வாசிச்சுப் பாரேன்” என்று நீ நீட்டியபோதெல்லாம், “ஒரு தடவை பட்டது போதும்பா” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு குழுவினர் நீ செய்கிற கிடாரைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார்கள். டீக்கடையில் உன்னையும் வைத்துக்கொண்டு நான்தான் கலைத்தேன். “அத வாங்காதீங்க. கிடாருன்னா இப்படி இருக்கணும்” என்று இதே கிடாரை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொக்கிப்போய், “இதே மாதிரி ஒண்ணு கெடைக்குங்களா?” என்று உன்னைப் பார்த்துக் கேட்டார்கள். நீ டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “கெடைக்காதுங்க. ஒண்ணுதான் வந்துது” என்றாய். அப்புறம் நீ கிடார் செய்யவே இல்லை. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, எவ்வளவு மரமண்டை பார்.

மலர் காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் மூஞ்சியைப் பார்த்து பயந்துவிட்டாள்.

“அந்த மூணு கிடாரு எங்கம்மா?”

“நீங்க சொன்னீங்கன்னு முந்தாநேத்தே வண்டில ஏத்திட்டேனே மாமா. கட்டில், பீரோவோட.”

பழைய சாமான் கடை இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் நிதானமாகத்தான் சொன்னார். “கீயெல்லாம் பித்தளைங்க, கழட்டி எடுத்துக்கினேன். பலகை நேத்தே போயிடுச்சு. கல்யாண சமையலுக்கு வெறகு கேட்டாங்க. காஞ்ச மரம், நல்லா எரியும்னு வாங்கிக்கினு போனாங்க.” ஒரு பால் டின்னைக் கவிழ்த்தார். கம்பியை முறுக்கும் கீ, கிடாருக்கு ஆறு வீதம், பதினெட்டு. பதினெட்டையும் பொறுக்கி, டின்னோடு வாங்கிக்கொண்டேன். வெந்நீர் அடுப்புக்கு வச்சிக்கோ என்று என்றைக்கோ வாய்க்கொழுப்பில் சொன்னது, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நிஜமாகவே பந்தி போட்டிருக்கிறது.

திரும்பி வந்து என் கிடாரை மலர் கையில் கொடுத்தேன். “இது உங்கப்பா செஞ்சதும்மா. இது ஒண்ணுதான் மிச்சம். நீ வச்சிக்கோ.” அவள் அதிர்ச்சி அடையவில்லை. கட்டை பெயர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“தெரியும் மாமா.”

எனக்கு அன்றைக்கு விழுந்த அடிகளிலேயே அதுதான் பெரியது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. “ஒருக்கா கேட்டேன், ஏம்ப்பா அவருகிட்ட சொல்லலன்னு. ‘சொன்னா அவன் வாசிக்கிறத வுட்டுடுவாம்மா. நல்லா வாசிச்சிக்கினு இருக்கான், வுடு’ன்னாரு.”

நீ சொன்னது சரி. அன்றைக்கே தெரிந்திருந்தால், கேட்கிற ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு குறை கண்டுபிடித்து, ஒரு மாதத்தில் மூலையில் சாத்தியிருப்பேன். இரும்பு எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே தெரிந்து வேலை செய்கிறவன் நீ. என்னையும் அப்படித்தான் அளந்து வைத்திருந்திருக்கிறாய். அதற்காக உன்மேல் கோபம்தான் வருகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் சட்டையைப் பிடித்து உலுக்கி, “இது நான் செஞ்சதுடா” என்று கத்தியிருக்கக் கூடாதா? பட்டுத் திருந்த எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கக் கூடாதா?

மலர் கிடாரை வாங்கிக்கொள்ளவில்லை. “எங்க வூட்ல யாரு வாசிக்கப் போறாங்க? நீங்க வாசிங்க மாமா” என்று பெட்டியில் வைத்து அவளே மூடினாள். கடைக்காரர் கொடுத்த பதினெட்டு கீயில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள.

ஆரோக்கியத்திடம் மறுபடி போனேன். நீ வைத்த இடத்திலேயே, மயிரிழை தள்ளாமல், கட்டையை ஒட்டச் சொன்னேன். முன்னால் தெரிகிற அந்தப் பழைய தடத்தை பாலீஷ் போட்டு மூட வேண்டாம் என்றேன். நழுவிக்கொண்டிருந்த ஒரு கீயை எடுத்துவிட்டு, அந்தப் பால் டின்னிலிருந்து ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். அந்தக் குட்டிக் கண்ணாடியையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

நேற்று பிராக்டிஸில், குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற கீபோர்டுக்காரர், “சவுண்டு அள்ளுதுண்ணே. என்ன கம்பெனி?” என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்விக்கு என் வாயில் தயாராக இருந்த பதில் பாதி வந்துவிட்டது. நிறுத்திவிட்டு உன் பேரைச் சொன்னேன். பேட்டர்ன் ஷாப், பெட்டிப் பலகை, பலா மரம் எல்லாம் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கண்ணாடியையும் டார்ச்சையும் கையில் கொடுத்து, “உள்ள பாருங்க” என்றேன். பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. இனி அந்தக் கண்ணாடி கிடார்ப் பெட்டியிலேயேதான் இருக்கும். கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டப் போகிறேன், கேட்காதவர்களுக்கும்.

அடுத்த மாதம் மந்தாரக்குப்பத்தில் அதே கோயில், அதே மேடை. முதல் பாட்டுக்கு முன்னால் மைக்கை இரண்டு நிமிடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சரியானதைச் சொல்லப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். சேலத்திலிருந்து மலர் வருகிறேன் என்றிருக்கிறாள். மூன்றாவது வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி சும்மா இருக்கும். என் கண் அங்கே போகாமல் எப்படிப் பேசி முடிப்பேன் என்றுதான் தெரியவில்லை.