நாலு பேருக்குப் பிரித்த பென்சிலின்

அன்புத் தம்பி ஏழுமலைக்கு,

டாக்டர் உனக்கென்று எழுதிக் கொடுத்த பென்சிலினை நாலு பேருக்குப் பங்கு பிரித்தோம். பிரிக்கச் சொன்னவன் நான். அதற்குமேல் ஒரு குற்றத்தை ஆஸ்பத்திரி செய்தது. இதைச் சதுரங்கப்பட்டினத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

கெளுத்தி முள் உன் உள்ளங்கையில் ஏறிய அன்று நம் கட்டுமரத்தில் நாலு பேர் போயிருந்தோம். முனுசாமிக்குக் காலில் சிப்பி வெட்டு. எனக்கும் கன்னியப்பனுக்கும் கயிறு அறுத்த புண். கரைக்கு எது வந்தாலும் மரத்தில் போனவர்களுக்குச் சமபங்கு என்பது நம் குப்பத்து வழக்கம். மருந்துக்கும் அதையே சொன்னேன். ஊசி போட வந்த கம்பவுண்டர் தயங்கினார். "பங்குன்னா பங்குதான், போடுய்யா" என்று அதட்டினேன். நீ சிரித்தாய். "முள்ளு மட்டும் எனுக்கு ஒண்டிக்கா அண்ணாத்த? அதையும் பிரிச்சுக் குடேன்."

ஐந்து நாள் மருந்து இரண்டே நாளில் தீர்ந்தது. வீக்கமும் வடிந்திருந்ததால் மூன்றாம் நாள் நீ கடலுக்கு வந்தாய். பத்து நாள்கூட ஆகவில்லை, கை பழுத்து, உடம்பு தூக்கிப்போடுகிற குளிர்காய்ச்சல். உன் பெண்சாதி வள்ளி மடியில் உன்னைப் படுக்கவைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். வேளை தவறாமல் பென்சிலின் போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. "கிருமி இந்த மருந்துக்குப் பயப்படல, பெரியவரே. பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே கிருமிதான்" என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

எனக்குத் தெரியும். கட்டுப் போடுகிறவர் பக்கத்துக் கட்டில்காரர் காலில் சீழ் துடைத்த கையாலேயே, கழுவாமல், உன் கையைத் தொட்டதை நான் பார்த்தேன். கேட்டதற்கு, "இன்னா பெரியவரே, நீ டாக்டருக்குப் படிச்சிகினு வந்தியா? வூட்டுக்குப் போ" என்றார். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டவன். கண் எனக்கும் இருக்கிறது.

அரைகுறை ஊசிக்குத் தப்பி முரண்டு பிடித்த கிருமியா, வார்டில் தொற்றிய கிருமியா? டாக்டர், "சொல்ல முடியாது. ரெண்டுமே நடக்குது. முன்னெல்லாம் கேட்ட மருந்து இப்போ கேக்கல" என்றார். பட்டணத்திலிருந்து வேறு மருந்து வருவதற்குள் நீ போய்விட்டாய். எந்தக் குற்றம் உன்னைக் கொன்றது, தம்பி?

இப்போது முனுசாமிக்குக் கால் வீங்கியிருக்கிறது. போன வாரம் கம்பவுண்டர் ஊசியோடு வந்ததும் கன்னியப்பன் தன் பங்குக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். வாசலை மறித்தேன்.

"அன்னிக்கு நீதானே பங்குன்ன அண்ணாத்த? இன்னிக்கு நாயம் பேசிகினு கீற!"

"ஆமாண்டா, நான்தான் சொன்னேன். அதான் ஏழுமலை இல்ல."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். ஆனால் மூன்றாவது ஊசியிலேயே முனுசாமிக்கு வீக்கம் வடிந்துவிட்டது. "போதும், கடலுக்குப் போறேன்" என்று கிளம்பினான். அவன் துடுப்பை என் வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திட்டுகிறான், திட்டட்டும்.

எத்தனை ஊசி, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். கட்டுப் போடுகிறவர் கட்டிலுக்குக் கட்டில் கை கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீரும் சோப்பும் வார்டுக்குள்ளேயே ஆஸ்பத்திரிப் பெரியவர்கள் வைக்க வேண்டும். மருந்து கேட்காத கிருமி உள்ளவர்களைத் தனியே படுக்கவைக்க வேண்டும். ஒருவர் மருந்தைக் கம்பவுண்டர் இன்னொருவருக்குப் போடக்கூடாது, நானே வந்து அதட்டினாலும். கன்னியப்பன் தன் புண்ணைத் தானே போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். முனுசாமி கடைசி ஊசி வரைக்கும் கரையில் இருக்க வேண்டும். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அது முடிந்ததும் செங்கல்பட்டுக்குப் போய், அந்த வார்டில் சோப்பு வைக்கிற வரை வாசலை விட்டு நகர மாட்டேன்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
மாசிலாமணி